பெஞ்சில் அவன் பக்கத்தில் யார் உட்காருவது?

கடலூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர் கேட்டிருப்பது இது. வகுப்பில் ஒரு பையன், தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்று நெருங்கிய நண்பனிடம் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறான். அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் வகுப்புக் குழுவுக்கு வந்துவிட்டது. பத்து நாளாக அவன் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. மதியம் தனியாகச் சாப்பிடுகிறான். பி.டி. பீரியட் உள்ள நாளில் லீவு போடுகிறான். பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லலாமா? வகுப்பில் இதைப் பற்றிப் பேசலாமா? பசங்களைப் பழைய மாதிரி அவனோடு பழகவைக்க வழி உண்டா?

வழி உண்டு. ஆனால் முதலில் தோன்றும் இரண்டு காரியங்களையும், அதாவது பெற்றோருக்குப் போன் போடுவதையும் வகுப்பில் நின்று அறிவுரை சொல்வதையும், இந்த வாரம் செய்யாதீர்கள். அந்தப் பையனைப் பேச்சுப்பொருள் ஆக்காமல், அவனைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளை மாற்றுவதுதான் பலன் தரும். யார் யாரோடு உட்காருகிறார்கள், யாருக்கு யாருடைய உதவி தேவைப்படுகிறது, எந்த இடத்தில் பெரியவர்கள் கண் இல்லை என்பவைதான் உங்கள் கையில் இருக்கும் கருவிகள்.

முதலில் பெற்றோர் விஷயம். தன்னைப் பற்றி வீட்டில் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல எண்ணத்தோடு ஆசிரியர் சொல்லிவிடுவதால்தான் பல பிள்ளைகளின் நிலைமை கைமீறிப் போகிறது. போனைப் பிடுங்குவார்கள், அடி விழும், படிப்பை நிறுத்தி உறவுக்காரர் கடைக்கு வேலைக்கு அனுப்புவார்கள், பெண்ணாக இருந்தால் அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள், மந்திரிக்கவோ ‘சரி பண்ண’வோ யாரிடமாவது கூட்டிப்போவார்கள். தன்பாலீர்ப்பை, அதாவது தன் பாலினத்தவர் மேல் வரும் ஈர்ப்பை, ‘மாற்றும்’ சிகிச்சை என்று எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று, சுஷ்மா என்ற பெண்ணும் அவருடைய துணைவியும் தொடுத்த வழக்கில், ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை என்ற பெயரில் நடப்பவற்றைத் தடுக்கச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை தரும் மருத்துவர் தொழில் ஒழுக்கம் மீறியவர் ஆவார் என்று அறிவித்தது. பெற்றோருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. தெரியாத ஒருவரிடம் பிள்ளையின் ரகசியத்தைப் போனில் கொட்டுவது அவனைக் காக்காது.

பெற்றோரிடம் பேசியே ஆக வேண்டிய நேரமும் வரலாம். விடுப்பு அதிகமாகிறது என்றால், “தம்பிய கிளாஸ்ல சில பசங்க கேலி பண்றாங்க, நாங்க நடவடிக்கை எடுத்துட்டு இருக்கோம், கொஞ்ச நாளைக்கு அவனைத் திட்டாம பாத்துக்குங்க” என்பதோடு நிறுத்துங்கள். எதற்குக் கேலி என்று கேட்டால், “வயசுப் பசங்க, எதையாவது சொல்வாங்க” என்று தாண்டிவிடலாம். அதில் பொய் எதுவும் இல்லை.

அடுத்து அவனிடம் பேசுவது. ஆசிரியர் அறை வேண்டாம், அங்கே நான்கு காதுகள் இருக்கும். நூலகத்திலோ ஆய்வகத்திலோ, கதவு திறந்திருக்க, ஆனால் பேச்சு வெளியே கேட்காத இடத்தில் பதினைந்து இருபது நிமிடம் போதும். “நீ அப்படியா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். அவன் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அல்ல, உங்களுக்கும் அந்தப் பதில் தேவையில்லை. “உன்னைத் தனியா விடறாங்கன்னு பாத்தேன். அது உன் தப்பு இல்ல. எங்க எங்க தொந்தரவு நடக்குதுன்னு மட்டும் சொல்லு” என்று தொடங்குங்கள். ஒரு தாளில் அவனுடைய ஒரு நாளை வரையச் சொல்லுங்கள்: வீடு, பஸ் நிறுத்தம், பஸ், பள்ளி வாசல், வகுப்பு, கழிப்பறை, மைதானம், மதியம், டியூஷன், மறுபடி வீடு. எந்த இடத்தில் பயமாக இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி. கேள்வி கேட்டு வராத தகவல் இந்தத் தாளில் வந்துவிடும். புள்ளிகள் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியேதான் விழும் என்பதையும் அப்போது பார்ப்பீர்கள்.

ரகசியம் பற்றி அவனிடம் துல்லியமாகச் சொல்ல வேண்டும். “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று முழுதாக வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் இரண்டு நிலைகளில் அதை உங்களால் காப்பாற்ற முடியாது. ஒன்று, அவன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால். மற்றொன்று, யாராவது அவனிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்டிருந்தால். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012, ஆண் பெண் வேறுபாடு பார்க்காமல் 18 வயதுக்குக் குறைந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருந்தால் உங்களுக்கே ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். ஆனால் “எனக்குப் பையன்களைப் பிடிக்கும்” என்று ஒரு பிள்ளை சொல்வது எந்தக் குற்றமும் இல்லை. அதை யாருக்கும் புகாராக அனுப்ப வேண்டிய கடமையும் கிடையாது. பல தலைமை ஆசிரியர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, ‘பாதுகாப்புக்காக’ மேலே எழுதிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் போகிற வழியில் எத்தனை மேசை இருக்கிறது என்று யோசியுங்கள்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்ற எளிய சொற்களே போதும். ஆம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள், அங்கேயே உட்கார்ந்து 14416-க்கு அழையுங்கள். அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. நேரில் காட்ட வேண்டுமானால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, புதுச்சேரி எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஜிப்மர் மனநலத் துறை. தனியார் ஆலோசகரிடம் அனுப்பும் முன் நீங்களே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “தன்பாலீர்ப்பை மாற்ற முடியுமா?” முடியும் என்று சொல்பவரிடம் அனுப்பாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பது அனுப்பி ஏறத்தாழ இரண்டரை நாள் வரைதான் வேலை செய்யும். பத்து நாள் ஆகிவிட்டதால், இனி ஒவ்வொருவரும் அவரவர் போனில்தான் அழிக்க வேண்டும், கேலரியிலும் சேர்த்து. பையன்களின் போனை வாங்கிச் சோதிக்காதீர்கள், அது இன்னொரு சிக்கலைக் கிளப்பும். அந்தக் குழுவைக் கலைக்கச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்துக்குக் குழு வேண்டுமென்றால் ஆசிரியர் ஒருவர் அட்மினாக இருக்கும் புதுக் குழு தொடங்குங்கள். நடவடிக்கைக்குச் சான்று தேவை என்றால் உரையாடலின் ஒரே ஒரு படியைத் தலைமை ஆசிரியர் மட்டும் உறையிலிட்டு வைக்கலாம். பரவுவது நிர்வாணப் படமாக இருந்தால் கதையே வேறு. 18 வயதுக்கு உட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தைச் சேமிப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யின்படி குற்றம். ‘சான்றுக்காக’ உங்கள் போனுக்கு அனுப்பச் சொன்னால் நீங்களும் அதில் மாட்டுவீர்கள். உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி நடங்கள்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை வெளியே விட்ட நண்பன் மேல் எல்லோருக்கும் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள். பல நேரம் அவன் செய்தது வெறுப்பினால் அல்ல, “இவனும் அவனும் ஒண்ணு” என்று தன்னையும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தினால். தனியாகக் கூப்பிட்டு, செய்தது நம்பிக்கைத் துரோகம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். கேட்கவைத்தால் அந்த உரையாடலை மறந்தவனுக்கும் மறுபடி ஞாபகம் வரும்.

இந்தப் பயம்தான் வகுப்பு முழுவதையும் ஆட்டுவிக்கிறது. நாற்பது பையன்களும் அவனை வெறுக்கிறார்கள் என்று நினைத்தால் தவறு. கேலியைத் தொடங்குபவர்கள் ஒன்று இரண்டு பேர், சிரித்துக் கொடுப்பவர்கள் நான்கைந்து பேர். மீதி எல்லோரும் பார்த்துக்கொண்டு ஒதுங்குகிறவர்கள். ஒதுங்குவதற்குக் காரணம், அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அடுத்த ‘ஒம்போது’ தான்தான் என்ற கணக்கு. எனவே பக்கத்தில் உட்காருவது ஒருவனுடைய விருப்பமாகத் தெரிகிற வரைக்கும் யாரும் உட்கார மாட்டார்கள். “சார் போட்ட இடம்” என்று ஆகிவிட்டால் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் வகுப்பு முழுவதற்கும் இடத்தை மாற்றுங்கள், அவனுக்கு மட்டும் அல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலை. சீட்டுக் குலுக்கல் வேண்டாம். அவன் பெயரோடு சேர்ந்து வந்தவன் முகத்தைச் சுளிப்பான், வகுப்பு சிரிக்கும், நீங்கள் செய்ய வந்ததற்கு நேர்மாறாகப் போய்விடும். வீட்டிலேயே எழுதி வந்து கதவில் ஒட்டிவிடுங்கள். மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் என்றால் அவனை நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் இடையில் பையைப் போட்டு ஓர் ஆள் இடம் விட்டுவிடுவார்கள். முதல் சுற்றில் அவனுக்கு இரண்டு பக்கமும் இரக்கமுள்ள இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவன் மட்டும் கூடாது. ஒருவன் மட்டும் அவனோடு திரிந்தால் மறுநாளே ‘ஜோடி’ என்று கரும்பலகையில் எழுதுவார்கள். இரண்டு மூன்று பேராக இருந்தால் அது சாதாரணமான பசங்க கூட்டம்.

அந்த இருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வகுப்பு முழுவதற்கும் ஆளுக்கொரு சிறு தாள் கொடுங்கள். ‘புராஜெக்ட்டுக்கு யார் மூன்று பேர் உன்னோடு இருக்க வேண்டும்?’ என்று எழுதி, மடித்து, உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். யார் பெயர் அதிகம் வருகிறது, யார் பெயர் வரவே இல்லை என்று எண்ணுங்கள். அவன் பெயரை யாராவது எழுதியிருந்தால் அவர்தான் முதல் ஆள். யாரும் எழுதவில்லை என்றால், அவன் எழுதிய மூன்று பேரைப் பாருங்கள். அதிகம் பெயர் வந்தவர்களில் மனம் கெட்டிப்படாத ஒருவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வாலிபாலோ கபடியோ நன்றாக ஆடுகிறவனாக இருந்தால் இன்னும் நல்லது. வகுப்பில் மதிப்புள்ள ஒருவன் அவனோடு டப்பாவைத் திறந்து சாப்பிட்டால் ஒரு மாதத்து அறிவுரை மிச்சம். அவர்களிடம் காரணம் எதுவும் பேசாதீர்கள். “அவன் தனியா சாப்பிடறத பாத்தா எனக்குக் கஷ்டமா இருக்கு. நாளையிலிருந்து நீங்க மூணு பேரும் அவனைக் கூட்டிக்கிறீங்களா?” அவ்வளவுதான். பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் பொறுப்பாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

இருபாலர் பள்ளி என்றால் பெண் பிள்ளைகள்தான் முதலில் வந்து பேசுவார்கள். அந்த நட்பைத் தடுக்காதீர்கள். “பொண்ணுங்க கூடவே சுத்தறான்” என்று ஆசிரியரே சொல்லிவிடுகிற பள்ளிகள் உண்டு, அந்த ஒரு வாக்கியம் அவனுக்கு இருந்த கடைசிப் பிடியையும் அறுத்துவிடும்.

உட்கார வைப்பது பாதி வேலைதான். அவனுடைய உழைப்பு மற்றவர்களுக்குத் தேவைப்படும்படி பாடத்தை அமைக்க வேண்டும். இதற்கு ‘ஜிக்சா’ என்ற முறை இருக்கிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்து மோதிக்கொண்டபோது 1971-ல் உருவாக்கப்பட்டது. செய்முறை இப்படி. 45 பேர் வகுப்பை ஐந்து ஐந்து பேராக ஒன்பது குழு ஆக்குங்கள். பாடத்தை ஐந்து துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுங்கள். 40 நிமிட பீரியடில் முதல் எட்டு நிமிடம் அவரவர் துண்டைப் படிக்கட்டும். அடுத்த பத்து நிமிடம், ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் ஒன்றுகூடிச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளட்டும். ஒன்பது பேர் ஒரே இடத்தில் என்றால் இரைச்சல் ஆகும், நான்கும் ஐந்துமாகப் பிரித்துவிடுங்கள். பிறகு பதினைந்து நிமிடம் தன் குழுவுக்குத் திரும்பிவந்து ஆளுக்கு மூன்று நிமிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசி ஏழு நிமிடம் தனித்தனியாகச் சிறு தேர்வு, ஐந்து துண்டிலிருந்தும் கேள்வி. இப்போது அவன் சொல்வதைக் கேட்காதவனுக்கு மார்க் போய்விடும். வாரம் இரண்டு முறை, ஆறு வாரம்.

இது கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை செய்துவிட்டு விட்டால் பயன் இல்லை, முதல் இரண்டு தடவை குழப்பமாகத்தான் இருக்கும். அவனுக்கு மிகச் சின்னத் துண்டைக் கொடுத்தால் அவன் இல்லாமலே குழு சமாளித்துவிடும். கேலி செய்பவன் முகம் திருப்பிக்கொண்டால் அவனைத் திட்டாமல், “அவன் சொல்றதுலதான் அடுத்த கேள்வி இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், இதை ஏன் செய்கிறீர்கள் என்று வகுப்பில் அறிவிக்காதீர்கள்.

வசைச் சொல் காதில் விழுந்தால் பத்து விநாடிக்குமேல் எடுக்காதீர்கள். “ஒம்போது, உஸ்ஸு, பொட்டை, இந்த மூணு வார்த்தையும் என் கிளாஸ்ல கிடையாது” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். சொன்னவனைப் பிறகு தனியாகப் பாருங்கள். இரண்டாம் முறை என்றால் எழுத்தில் எச்சரிக்கை, மூன்றாம் முறை தலைமை ஆசிரியர். இது எல்லா ஆசிரியர்களிடமும் ஒரேமாதிரி இருந்தால்தான் பிடிக்கும். ஒரு ஆசிரியர் கண்டிக்கிறார், இன்னொருவர் சிரிக்கிறார் என்றால் பசங்கள் சிரிப்பவர் பீரியடுக்குக் காத்திருப்பார்கள். அரை மணி நேர ஆசிரியர் கூட்டம் ஒன்று வேண்டும், அதில் பையன் பெயர் வரக் கூடாது. பி.டி. ஆசிரியரிடம் தனியாகவும் பேசுங்கள். “பொம்பள மாதிரி ஓடாதடா” என்பது மைதானத்தில் தினம் கேட்கும் வார்த்தை. உடற்கல்வி ஆசிரியர் அதை விட்டுவிட்டு, இரண்டு அணித் தலைவர்கள் ஆள் பொறுக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டு, தானே வரிசை எண் சொல்லி அணி பிரித்தால், பி.டி. நாளன்று அவன் லீவு எடுப்பது குறையும். கடைசி ஆளாக நின்று யாரும் கூப்பிடாமல் போவதன் வலி அப்படிப்பட்டது.

அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். அதுவும் கைகொடுக்கும், ஏனென்றால் வேறு வகுப்புப் பிள்ளைகளோடு ஒட்டும் வாய்ப்பு அதில்தான் கிடைக்கும். தன் வகுப்பில் பெயர் கெட்டவனுக்கு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நடுவில் அண்ணன் என்ற மரியாதை கிடைக்கலாம்.

அவன் வரைந்த தாளுக்கு வருவோம். கழிப்பறைப் புள்ளிக்கு, இடைவேளையில் ஓர் ஆசிரியர் அந்தப் பக்கத்து வராந்தாவில் நடப்பதே போதும். பாட நேரத்தில் போய்வர அவனுக்கு அனுமதி கொடுக்கலாம், ஆனால் அதுவே வழக்கமாகிவிட்டால் மறுபடி தனிமைதான். பஸ் புள்ளிக்கு, பாகூர், கன்னியக்கோவில் பக்கமோ குறிஞ்சிப்பாடி பக்கமோ அதே டவுன் பஸ்ஸில் வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், “இவனும் நீயும் ஒரே ஸ்டாப்பிங், பாத்துக்க” என்று சொல்லி வையுங்கள். டியூஷன் சென்டரில் உங்கள் கை எட்டாது. அங்கே வேறு பள்ளிப் பசங்களும் இருப்பதால் ஸ்கிரீன்ஷாட் அங்கேதான் அதிகம் ஓடியிருக்கும். கொஞ்ச நாள் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவனிடமே கேளுங்கள்.

வகுப்பில் இதைப் பற்றிப் பேசவே கூடாதா? பேச வேண்டும், ஆனால் ஒரு மாதம் கழித்து, அந்தப் பிரிவுக்கு மட்டும் இல்லாமல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எல்லாப் பிரிவுக்கும், அரசியலமைப்புப் பாடத்தோடு சேர்த்து. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்து உறவு கொள்வதைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டம் 377-ம் பிரிவின் பகுதியை நீக்கியது. அரசியலமைப்பின் 15-ம் பிரிவில் ‘பால்’ என்று சொல்லி விலக்கிய பாகுபாட்டில் பாலீர்ப்பை வைத்துச் செய்யும் பாகுபாடும் அடங்கும் என்ற விளக்கமும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 இல்லவே இல்லை. இந்தப் பாடத்துக்கு முன்னால் கேள்விப்பெட்டி ஒன்று வையுங்கள். எல்லோரும் ஏதாவது ஒன்று எழுதிப் போட்டே ஆக வேண்டும், கேள்வி இல்லாதவன் ‘கேள்வி இல்லை’ என்று எழுத வேண்டும். விருப்பமுள்ளவர்கள் மட்டும் என்றால், பேனாவை எடுத்தவன் யார் என்று பக்கத்து பெஞ்ச் பார்த்துக்கொண்டிருக்கும்.

வரப்போகும் கேள்விகளை ஊகிக்கலாம். ‘இது தொத்திக்குமா?’ தொற்றாது. பேசினாலோ சேர்ந்து படித்தாலோ யாருக்கும் ஈர்ப்பு மாறாது. ‘என் மேலயும் ஆசைப்படுவானா?’ உனக்கு எல்லாப் பெண்கள் மேலும் ஆசை வருகிறதா? அப்படித்தான் அவனுக்கும். ‘வெள்ளைக்காரன் பழக்கமா?’ வெள்ளைக்காரன் கொண்டுவந்தது தண்டனையைத்தான், 377 என்பது 1860-ல் ஆங்கிலேய ஆட்சி எழுதிய சட்டம். ‘அப்ப அவங்க கூவாகத்துக்குப் போறவங்களா?’ நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் அதிகம். சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்குத் திருநங்கைகள் போவதைப் பார்த்தே வளர்ந்ததால் எல்லாவற்றையும் ஒன்றாக நினைக்கிறார்கள். பிறந்தபோது ஆண் என்று குறிக்கப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. தன்பாலீர்ப்பு உள்ள பையன் தன்னை ஆணாகத்தான் உணர்கிறான், ஈர்ப்புதான் ஆண்கள் மேல். இரண்டையும் கேலி இல்லாமல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல்லைத் தவிருங்கள். அது ஒரு மனிதனை உடலுறவாக மட்டும் சுருக்குகிறது. ‘தன்பாலீர்ப்பு’ என்பது சரியான சொல், திருநங்கைகள் உள்ளிட்ட எல்லோரையும் சேர்த்துப் பரந்த பொருளில் ‘பால்புதுமையினர்’ என்றும் எழுதுகிறோம். மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசே 2022-ல் வெளியிட்டிருக்கிறது.

இந்தப் பகுதியில், அதாவது புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தில், கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் பள்ளிகள் நிறைய. நிர்வாகம் தயங்கினால் அவர்கள் மொழியிலேயே பேசலாம். கத்தோலிக்க மறைக்கல்வி நூல் தன்பால் உறவை ஏற்கவில்லை. ஆனால் அந்த ஈர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று 2358-ம் பத்தியில் சொல்கிறது. பள்ளி செய்ய வேண்டியதும் அதுவரைக்கும்தான். தலைமை ஆசிரியர் “எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க” என்று நழுவினால், சுஷ்மா வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்குப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டுதான் தீர்ப்பு எழுதினார் என்பதை நினைவூட்டுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்குப் புரியவைப்பது, பால்புதுமைப் பிள்ளைகளின் குறை கேட்க ஆலோசகர் வைப்பது ஆகியவை அந்தத் தீர்ப்பிலேயே பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டவை.

எல்லை விஷயத்தில் ஒரு சிறு தெளிவு. சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கும் செல்லும். ஆனால் தமிழ்நாடு அரசின் ஆணைகளும், மாணவர்கள் புகார் எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியும், 14417 கல்வி உதவி எண்ணும் கடலூர் பக்கம் மட்டும்தான். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டன. சி.பி.எஸ்.இ. 2015-லேயே எல்லாப் பள்ளியிலும் கேலி, ராகிங் தடுப்புக் குழு அமைக்கச் சொல்லியிருக்கிறது. அங்கே அந்தக் குழுவிடம் எழுத்தில் கொடுத்தால் பள்ளி பதில் சொல்ல வேண்டிவரும். 1098 இரண்டு பக்கமும் உண்டு. எங்கே எழுதினாலும் ‘ஒரு மாணவன் தொடர்ந்து கேலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளாகிறான்’ என்பது போதும், காரணம் எழுதத் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவன் பெயரைப் பேசவிடாதீர்கள், அங்கே இருப்பவர்கள் அவன் தெருக்காரர்கள்.

“அவனுக்கே நல்லது, டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல் போகட்டும்” என்று யாராவது சொல்வார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கடலூரிலிருந்து பண்ருட்டி போனாலும் ஸ்கிரீன்ஷாட் முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும், புது இடத்தில் அவனுக்கு ஒரு நண்பன்கூட இருக்க மாட்டான். தமிழ்நாட்டுப் பால்புதுமை இளைஞர்களிடம் யுனெஸ்கோ நடத்திய ஆய்வில் 60 விழுக்காட்டினர் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை போன்ற உடல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். படிப்பை விட்டதில் இந்தத் தொல்லைக்குப் பங்குண்டு என்றவர்கள் மூன்றில் ஒருவர். டி.சி. கொடுப்பது பல நேரம் அந்த வரிசையில் இன்னொருவனைச் சேர்ப்பதில்தான் முடிகிறது.

பெண் பிள்ளைகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. பையன் நடையை வைத்தே சந்தேகப்படுகிறார்கள். பெண் பிள்ளைகள் கைகோத்துத் திரிந்தால் யாரும் கவனிப்பதில்லை, ஒரு கடிதமோ மெசேஜோ பிடிபட்டால்தான் வெடிக்கும். அப்போது பள்ளி செய்யும் முதல் வேலை இருவரையும் வேறு வேறு பிரிவில் போட்டு வீட்டுக்குச் சொல்வது. பையனுக்குச் சொன்னதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும், பெற்றோருக்குப் போன் போடாதீர்கள் என்பது இரண்டு மடங்கு பொருந்தும்.

ஆறு வாரம் கழித்து அந்த ‘மூன்று பேர்’ தாளை மறுபடி கொடுங்கள். முதலில் அவன் பெயர் ஒன்றில்கூட இல்லாமல் இருந்து, இப்போது இரண்டு தாளில் வந்திருந்தால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்றே கொள்ளலாம். நாற்பது பேரும் கட்டிப்பிடிக்க வேண்டியதில்லை, உண்மையான நண்பர்கள் இரண்டு பேர் இருந்தால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் வரும். கூடவே மூன்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் வந்தான், யாரோடு சாப்பிட்டான், பி.டி. பீரியடில் இருந்தானா. வருகை ஏறி, சாப்பாடு மட்டும் தனியாக என்றால் பெஞ்ச் ஏற்பாடு ஒட்டவில்லை, ஆட்களை மாற்றுங்கள். எல்லாம் சரியாகி பி.டி. மட்டும் தவறுகிறது என்றால் தொந்தரவு உடை மாற்றும் இடத்தில், அங்கே போய்ப் பாருங்கள்.

ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிரிவு பிரிக்கும்போது இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் கலைந்துபோகும். புது வகுப்பு ஆசிரியருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவனும் அந்த இரண்டு நண்பர்களும் ஒரே பிரிவில் வரும்படி, பட்டியல் தயாராவதற்கு முன்பே, ஏப்ரலிலேயே தலைமை ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.